மயிலைக்கு அடியில் ஒரு சந்திப்பு

மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் நோக்கி ஒரு பாதை, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு இன்னொன்று. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இவ்விரண்டும் சந்திக்கும் இடம் திருமயிலை. ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்துக்குத் திட்டமிடப்பட்ட நிலையம் இது.

ஏன் இவ்வளவு ஆழம்?

நெருக்கமான மயிலாப்பூரில் பக்கவாட்டில் விரிய இடமில்லை. அதனால் நடைமேடைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். இத்தகைய ஆழத்தில் முதலில் நிலையத்தைச் சுற்றிக் குறுகலான ஆழ்பள்ளம் தோண்டி, மண் சரியாமலிருக்க பென்டோனைட் குழம்பை நிரப்புவார்கள். பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றினால் குழம்பு மேலே வந்து வெளியேறும், சுவர் எழும். அதன் பிறகே உள்ளே இருக்கும் மண்ணை அள்ளுவார்கள். கடலோர மணலும் உயர்ந்த நிலத்தடி நீரும் உள்ள பகுதியில் இந்தச் சுவர்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காவல்.

அருகிலேயே 1997இல் திறக்கப்பட்ட பறக்கும் ரயில் நிலையம் தூண்கள்மேல் நிற்கிறது. உயரத்தில் ஒரு ரயில், ஆழத்தில் இரண்டு. மூட்டுவலியோடு கபாலீசுவரரைத் தரிசிக்க வரும் பாட்டிக்கு இவற்றுக்கிடையே மின்தூக்கியும் நிழலான நடைவழியும் அவசியம் வேண்டும். ரயிலின் வேகத்தைவிட அதுவே முக்கியம். பொறியாளர்கள் அதில் துளியும் சமரசம் செய்யக் கூடாது.