மூன்று குட்டித் தீவுகள்

குழந்தைகள் படம் வரைவதற்கென்று அந்த வீட்டில் தாள் சுருள் சுருளாகக் கிடக்கும். இறைச்சிக் கடைகளில் பொட்டலம் மடிக்கிற தாள். 1967 வாக்கில், அநேகமாக அதில்தான், அந்த வீட்டு அம்மா ஒரு கடலை வரைந்தார். கடல் முழுக்கத் தீவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன நடக்கப்போகிறது என்பதெல்லாம் அவருக்கே இன்னும் தெரியாது. பெயர்கள் மட்டும் தெரியும். மூன்று குட்டித் தீவுகளுக்குத் தன் மூன்று குழந்தைகளின் செல்லப் பெயர்களையே சூட்டிவிட்டார்.

அவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ க்வின். அந்த வரைபடத்திலிருந்து 1968-இல் பிறந்தது 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவல்.

பெர்க்லியில் இருந்த ஒரு சிறிய பதிப்பகம், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நாவல் கேட்டிருந்தது. லெ க்வினுக்கு ஒரு கேள்வி எழுந்தது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் வெள்ளைத் தாடிக் கிழவர்கள். அவர்களுக்கும் பதினைந்து வயது இருந்திருக்குமே, அப்போது என்ன செய்தார்கள்? அவ்வளவு ஆபத்தான வித்தையை யாரிடம் கற்றார்கள்? இந்தக் கேள்வியிலிருந்துதான் மந்திரம் கற்பிக்கும் ரோக் தீவுப் பள்ளியும், கெட் என்ற செம்பழுப்பு நிறச் சிறுவனும் வந்தார்கள். கெட் என்ற பெயரை அவர் யோசித்து உண்டாக்கவில்லை. சரியான ஒலி காதில் விழும்வரை காத்திருந்ததாகத்தான் எழுதுகிறார். எர்த்ஸீ என்ற அந்தத் தீவுலகத்தை நான் திட்டம் போட்டுக் கட்டவில்லை, தேடிப்போய்க் கண்டேன் என்பது அவர் நிலை.

பெயர் மீது இவ்வளவு கவனம் ஏன்? எர்த்ஸீயில் மந்திரமே அதுதான். ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தவருக்கு அது கட்டுப்படும். அதனால் மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்வார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இஷி நினைவுக்கு வருகிறார். லெ க்வினின் தந்தை ஆல்ஃப்ரெட் க்ரோபர், கலிஃபோர்னியப் பழங்குடிகளின் மொழிகளையும் கதைகளையும் சேகரித்த மானுடவியலாளர். யாஹி இனத்தில் எஞ்சிய ஒரே மனிதர் 1911-இல் ஓரோவில் ஊருக்குத் தனியாக வந்து சேர்ந்தார். அவர் தன் பெயரைக் கடைசிவரை சொல்லவே இல்லை. அவருடைய மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே க்ரோபர் அவருக்குப் பெயராக வைத்தார். இஷியின் வாழ்க்கையை லெ க்வினின் தாய் தியடோரா 1961-இல் புத்தகமாக எழுதினார். இஷிதான் எர்த்ஸீக்கு மூலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லாத ஒரு பெயருக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கற்பனைக் கதை என்றதும் ஆகாயத்திலிருந்து குதித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். லெ க்வினுக்கு அது காரின் கண்ணாடியிலும் கிடைத்தது. ஆரிகன் மாநிலத் தலைநகரின் பெயர் சேலம். நம் ஊர் சேலம் அல்ல. ஆனால் அதே பெயர். சாலைப் பலகையில் இருந்த 'சேலம், ஓ' (Salem, O) என்பதை அவர் பின்னாலிருந்து வாசித்தார். 'ஓமெலாஸ்' (Omelas) என்று வந்தது. அவருடைய மிகப் புகழ்பெற்ற சிறுகதையின் நகரம் அது. ஆரிகனின் கிழக்குப் பாலைநிலத்தில் சில நாள் சுற்றிவிட்டு வந்தார். எர்த்ஸீயின் இரண்டாம் நாவலுக்கு நிலம் கிடைத்துவிட்டது. தந்தையின் அலமாரியில் சிறுவயதில் கண்டெடுத்த 'தாவோ தே ஜிங்' என்ற சீனத் தத்துவ நூல் வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது.

எழுதும் நேரத்தையும் அன்றாட வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்கொண்டார்: பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, அவர்களைத் தூங்கவைத்துவிட்டு இரவில் எழுதினார்.

ஆனால் அவரிடம் நான் மிகவும் மதிப்பது, எர்த்ஸீயை எழுதாமல் இருந்த காலத்தை. மூன்றாம் நாவல் 1972-இல் வந்தது. உடனே நான்காவதைத் தொடங்கினார்; நகரவில்லை. அதுவரை எழுதிய எர்த்ஸீயில் ரோக் பள்ளி ஆண்களுக்கு மட்டும். பெரிய மந்திரம் எல்லாம் ஆண்கள் கையில். அந்த உலகத்தை ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்து எழுத அவருக்கு அன்று வழி தெரியவில்லை. தெரிந்தது போல எழுதவும் இல்லை. 'தெஹானு' வந்தபோது ஆண்டு 1990. அதில் கெட் மந்திரம் இழந்து ஆடு மேய்க்கிறார். கதையைத் தாங்குபவள் தெனார், பண்ணை வீட்டில் பாத்திரம் கழுவி, தீயில் வெந்த ஒரு சிறுமியை வளர்க்கும் விதவை. தான் படைத்த உலகத்தின் குறையை ஒத்துக்கொள்ள 18 ஆண்டுகள் காத்திருந்தவரைவிட நேர்மையான கதைசொல்லி எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து நாவல்களில் 'தெஹானு'தான் ஆகச் சிறந்தது என்பேன்.

லெ க்வின் 2018 ஜனவரி 22 அன்று போர்ட்லாந்தில் காலமானார். எர்த்ஸீ நூல் கைக்கு வந்தால், முதலில் இருக்கும் வரைபடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அதில் மூன்று தீவுகளின் பெயர், ஒரு தாய் தன் குழந்தைகளைக் கூப்பிட்ட பெயர்.