மீன் அமில டிரம்முக்குக் கண்ணாடி போல மூடி... எந்த பிளாஸ்டிக் தாங்கும்?

மீன் அமிலம் போட்டு வைத்த வீட்டில் முதல் வாரம் நிம்மதி இருக்காது. மீன் கடைக் கழிவு 5 கிலோ, நாட்டுச்சர்க்கரை 5 கிலோ சேர்த்து, டிரம்மை இறுக்கி மூடியாகிவிட்டது. உள்ளே நொதிக்கிறதா, அழுகுகிறதா? திறந்து பார்த்தால் ஈ மொய்த்து முட்டையிடும். சீக்கிரமே புழு வைத்துவிடும். திறக்காமலே விட்டால், உள்ளே சேரும் கரியமில வாயு மூடியை உப்ப வைக்கும். ஒரு ராத்திரி மூடி தெறித்தால் 21 நாள் காத்திருப்பும் நாட்டுச்சர்க்கரைக் காசும் போச்சு. பக்கத்து வீட்டார் வசவு தனி.

இதனால்தான், திறக்காமல் பார்க்கும்படி தெளிவான பிளாஸ்டிக்கில் மூடி போடலாமே என்ற யோசனை பலருக்கும் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் பார்வைக்குக் கண்ணாடி போல இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே சாதி இல்லை.

பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட். தண்ணீர் பாட்டில், மிட்டாய் ஜாடி எல்லாம் இதுதான். 2 என்றால் எச்.டி.பி.இ, நீல டிரம், பால் நிற கேன். 5 என்றால் பி.பி எனப்படும் பாலிபுரொப்பிலீன். 6 பாலிஸ்டைரீன். 7 என்பது ‘மற்றவை’. பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் இதில்தான் அடங்கும். ஜாடிக்கு ஓர் எண், அதன் மூடிக்கு வேறு எண் இருப்பதும் உண்டு. மிட்டாய் ஜாடி பெட் என்றால், அதன் மூடி பெரும்பாலும் பி.பி. அதனால் மூடியைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

எது எதற்கு ஆகாது?

போர்டு எழுதும் கடைகளில் துண்டாகக் கிடைப்பது அக்ரிலிக். பார்க்க அழகு, வெட்டி ஒட்டலாம். ஆனால் துளை போடும்போது அவசரப்பட்டால் விரிசல் ஓடும். துளை போட்ட இடத்தை ஸ்பிரிட் அல்லது சானிடைசர் கொண்டு துடைத்தால், முடி முடியாய்க் கீறல் விழுந்து சில நாளில் உடைந்தே போகும். சோப்புத் தண்ணீரே போதும். கொதிக்கும் தண்ணீரும் கூடாது, வளைந்துவிடும்.

அடி விழுந்தாலும் உடையாதது பாலிகார்பனேட். 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல இந்த ரகம்தான். ஆனால் இதற்கு அம்மோனியா ஆகாது. நாட்டுச்சர்க்கரை குறைந்து மீன் அழுக ஆரம்பித்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வருமே, அதில் இருப்பது அம்மோனியாதான். மாட்டுச் சிறுநீர் சேர்ந்த கரைசல்களிலும் அது உண்டு. நாள்பட அந்தக் காற்று பட்டால் பாலிகார்பனேட் மங்கி, மொறுமொறுத்துப் போகும். போதாததற்கு, தண்ணீர் கேனின் வாய் குறுகல். மீன் முள்ளை வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் பயோ என்சைம் போடுகிறவர்கள் 6-ம் எண்ணைத் தொடவே வேண்டாம். தோலில் இருக்கும் எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தெர்மாகோலும் அதே பொருள்தான். அதன்மேல் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து பார்த்தால், எண்ணெய் பட்ட இடம் பள்ளம் விழும்.

பெட் ஜாடி சின்ன அளவுக்கு நல்லது. அமிலத்துக்குத் தாங்கும், விலையும் குறைவு. சுடுதண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது; 70 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கி நெளியும். சோடா பாட்டில் வாயு அழுத்தத்தைத் தாங்குமே என்று சிலர் அதை இறுக்கி மூடி வைக்கிறார்கள். சோடாவில் அடைத்த வாயு அவ்வளவுதான், கூடாது. நொதிக்கிற சரக்கிலோ வாயு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். பயோ என்சைமில் முதல் மாதம் தினமும் ஒரு முறை மூடியைத் தளர்த்திவிட வேண்டியிருப்பது இதனால்தான்.

மிஞ்சுவது பி.பி. கண்ணாடி போலத் தெளிவாக இருக்காது, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி மங்கலாகத் தெரியும். ஆனால் அமிலம், அம்மோனியா, சுடுதண்ணீர் எல்லாவற்றுக்கும் தாங்கும். மூடிக்கு இதைவிட நம்பகமான பிளாஸ்டிக் இந்த வரிசையில் இல்லை. வெயில் மட்டும் ஆகாது. நிழலில் வைக்க வேண்டும். நொதிக்கிற சரக்குக்கும் நிழல்தான் நல்லது.

எண் அழிந்துபோன மூடியா? ஓரத்தில் ஒரு சிறு துண்டைச் சீவி, சோப்புத் தண்ணீரில் அமுக்கி விட்டால் தெரிந்துவிடும். 2, 5 எண் பிளாஸ்டிக் மிதக்கும். பெட், அக்ரிலிக், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் எல்லாம் மூழ்கும். பூச்சிமருந்து வந்த டப்பாவாக இருந்தால் எந்த எண்ணாக இருந்தாலும் வேண்டாம்.

குமிழியைப் பார்த்தால் போதாதா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தெளிவான மூடி போட்டாலும் இரண்டு நாளில் உட்புறம் வியர்த்து, நுரை அப்பி, ஒன்றும் தெரியாது. நொதிக்கிறதா என்று அறிய மீனைப் பார்க்க வேண்டியதில்லை. வாயு வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அதற்குச் செலவு அதிகம் இல்லை. பி.பி அல்லது எச்.டி.பி.இ மூடியில் ஒரு துளை. அதில் சொட்டுநீர்க் குழாய் இணைப்புக்குப் போடும் குரோமெட் வாஷர். அதன் வழியாக, கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான லெவல் டியூப், துளையில் இறுக்கமாக நுழையும் அளவில். டியூபின் ஒரு முனை மூடிக்குக் கீழே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், சரக்கைத் தொடக் கூடாது. மறு முனை, கால்வாசி தண்ணீர் ஊற்றிய ஒரு பெட் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பாட்டிலின் வாயை அடைக்கக் கூடாது. வாயு தண்ணீருக்குள் குமிழியாக வெளியேறும். ஈ உள்ளே போக வழியில்லை. டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். நிரப்பினால் நுரை பொங்கி டியூபை அடைத்து, பழையபடி மூடி உப்பும்.

முதல் வாரம் குமிழி வேகமாக வரும், பிறகு நிதானிக்கும், கடைசியில் எப்போதாவது ஒன்று. ஆரம்பத்திலிருந்தே ஒரு குமிழிகூட இல்லை என்றால், முதலில் மூடி ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தும் அம்மோனியா நெடி அடித்தால் நாட்டுச்சர்க்கரை போதவில்லை என்று அர்த்தம்; உடனே கூடுதலாகச் சேர்த்துக் கிளறி மூடலாம்.

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் தயாரிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. அவற்றுக்குக் காற்று வேண்டும், தினமும் கலக்கிவிட வேண்டும். வாயில் துணி கட்டினாலே போதும்.

ராத்திரி குளிரில் டிரம்முக்குள் இருக்கும் காற்று சுருங்கி, பாட்டில் தண்ணீரை டியூபுக்குள் இழுக்கப் பார்க்கும். பாட்டிலைத் தரையிலும், டிரம்மை இரண்டு செங்கல் உயரத்திலும் வைத்தால் தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறாது.