வீரனுக்குக் கல், வீட்டாருக்கு என்ன?

பீன்யா தொழிற்பேட்டையை நம்பி வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு ஹெப்பாள் தெரியாத ஊர் அல்ல. வெளிவட்டச் சாலையில் பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம். ஆனால் அங்கே ஏறக்குறைய 1,270 ஆண்டுகள் பழமையான போர் நினைவுக்கல் ஒன்று நிற்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில், சுமார் கி.பி. 750-ல், ரட்டவாடிப் படையை எதிர்த்து மாண்ட கிட்டய்யன் என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. மண்ணுக்குள் கிடந்த இக்கல் 2018-ல் வெளிப்பட்டது. அப்பகுதி மக்களும் கல்வெட்டு ஆர்வலர்களும் கூடி அதற்கு ஒரு மண்டபமே எழுப்பிவிட்டார்கள்.

மாண்டவனுக்குக் கல் எடுப்பது தமிழர்களாகிய நமக்கும் பழைய வழக்கம்தான். கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று அதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லில், திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும் மறவாமல் பொறித்திருக்கிறார்கள்.

கல்லோடு வந்த காணி

பெங்களூரின் இன்னொரு கல்லையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒசூர் சாலைப் பக்கமுள்ள பேகூரில் கிடைத்து, இப்போது கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டிருக்கும் வீரக்கல் அது. காலம் ஏறக்குறைய கி.பி. 890. யானையும் குதிரையும் காலாளும் மோதும் ஒரு போர்க்களத்தையே சிற்பி அதில் செதுக்கியிருக்கிறான். தும்பெபாடி என்ற இடத்தில் வீரமகேந்திரனின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டவன் நாகத்தரன்.

கல்வெட்டு அவனுடைய வீரத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. செய்தி அறிந்த மன்னன் எரெயப்பன், இருகன் என்பவனுக்கு நாகத்தரன் என்ற பட்டத்தைக் கட்டி, பேகூரை உள்ளிட்ட பன்னிரண்டு ஊர்களைக் 'கல்நாடு' என்னும் கொடையாக அளித்தான் என்றும் அக்கல் சொல்கிறது. போரில் சிந்திய குருதிக்கு ஈடாக விடப்பட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் குறிக்கின்றன. நெய்த்தோர் என்றால் குருதி. கன்னடத்தில் இதையே நெத்தரு கொடகெ என்பார்கள். இரு மொழியிலும் ஒரே எண்ணம்! கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டு, அவன் பிள்ளைகளைப் பட்டினி போட்டால் அது மரியாதை ஆகாது என்று அன்றைய மக்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த மரபில் ஒரு குறையும் உண்டு. கணவனோடு உயிர்விட்ட பெண்ணுக்கு, வளையலணிந்த கை உயர்ந்து நிற்கும் மாஸ்திக்கல் எடுத்தார்கள். தாலி இழந்தும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்க்கோ கல் இல்லை. இறந்தவள் சிலையானாள், சுமந்தவள் மறக்கப்பட்டாள்.

எண்ணிக்கையும் பெயரும்

வெள்ளையர் ஆட்சியில் வந்த நினைவுச்சின்னங்கள் வேறு வகை. முதல் உலகப் போர் முடிந்த பின், 'இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள்' என்ற பொருளில் கல் பலகைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் பதித்தார்கள். எண்ணிக்கை இருந்தது, பெயர் இல்லை. பெங்களூரில் பிரிகேட் ரோடு முனையில் மதராஸ் படைவீரர்களுக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது. அல்சூர் ஏரிப் பக்கம் முகாமிட்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரை ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். கன்டோன்மென்ட் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்தப் படையில்தான் இருக்கிறது. தம்பி போருக்குப் போனபோது மணியார்டர் வருமா, தந்தி வருமா என்று வாசலில் காத்திருந்த அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் அந்தக் கற்களில் இடமில்லை.

விடுதலைக்குப் பின் இந்தியா பெயர்களுக்கு இடம் கொடுத்தது. 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில், மாண்ட வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் பெங்களூரில் நேரு கோளரங்கத்துக்கு அருகே உள்ள ராணுவ நினைவகத்திலும் பெயர்கள் உண்டு. கூடவே 75 அடி உயரத்தில் ஒற்றைக்கல்லாலான வீரக்கல்லும் நிற்கிறது. நம் நாளிலும் பழைய வடிவத்தையே தேடிப் போயிருக்கிறார்கள் என்பது மகிழத்தக்கது.

குடும்பத்தையே சிலையாக வடித்தவர்களும் உலகில் உண்டு. ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் 1914-ல் தம் மகனைப் போரில் இழந்தார். மண்டியிட்ட தாய், மண்டியிட்ட தந்தை என இரண்டே உருவங்கள். அவற்றைச் செய்து முடித்து, மகனைப் புதைத்த பெல்ஜியத்துக் கல்லறையில் வைக்க அவருக்கு 1932 வரை ஆயிற்று. அமெரிக்காவில் ஹெர்ஷல் வில்லியம்ஸ் என்ற முன்னாள் வீரரின் முயற்சியால், மாண்டவர் குடும்பங்களுக்கான நினைவுச்சின்னம் 2013-ல் மேற்கு வர்ஜீனியாவில் முதலில் எழுந்தது. கருங்கல்லில் வீரனின் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அங்கே இருப்பது வெற்றிடம். வீட்டில் ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பதை அதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

பெயரில்லாத நம்மவர்

தமிழர்களுக்கு இதில் ஆறாத புண் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942, 1943 ஆண்டுகளில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக அதற்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்த வேலையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம் மக்களுக்கோ அப்படிக் கல்லறைகள் இல்லை. நாய்க்கும் பெயர் பொறித்த இனத்தின் பிள்ளைகள் பெயரின்றிப் புதைந்தார்கள். 80 ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதத்தில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரையில் அவர்களுக்கு நடுகல் நடப்பட்டது. தோட்டத்து லயங்களில் கணவனுக்காகவும் தகப்பனுக்காகவும் காத்திருந்து மாண்டவர்களுக்கும் அதுவே கல்.

நாளை நம் சங்கமோ வேறு அமைப்போ எங்கேனும் நினைவுச் சிற்பம் எழுப்ப முனைந்தால், உயரத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பெயர் உண்டா? வீட்டார்க்கு இடம் உண்டா? கல்லோடு சேர்த்து ஒரு பிள்ளையின் படிப்புக்காவது வழி உண்டா? இம்மூன்றும் இருந்தால் கல் சிறிதானாலும் போதும்.

அதற்கு முன், வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஹெப்பாளுக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லில் இருப்பது கன்னடம்தான். அது சொல்லும் துக்கமும் மரியாதையும் நமக்கும் உரியவை. நாம் வாழும் ஊரின் கல்லை நாம் அறிந்தால், நம் கல்லையும் ஊர் அறியும்.