மூலிகைதானே என்று கொடுத்துவிடலாமா?

மாணவர்களே, வீட்டில் அக்காவோ அண்ணியோ கருவுற்றிருந்தால், மலச்சிக்கலால் அவர் சிரமப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். உடனே ஒருவர் இசப்பகோல் என்பார். இன்னொருவர் நிலவாகைப் பொடி என்பார். பாட்டி விளக்கெண்ணெய் என்பார். மூன்றும் தாவரத்திலிருந்து கிடைப்பவைதாம். ஆனால், உடலுக்குள் அவை செய்யும் வேலை ஒன்றல்ல.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டெரோன் என்னும் ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. கருப்பை முன்கூட்டியே சுருங்கிவிடாமல் அதன் தசையைத் தளர்த்தி வைப்பது அதன் வேலைகளுள் ஒன்று. குடல் சுவரில் இருப்பதும் அதே வகைத் தசைதான். எனவே, குடலும் தளர்ந்து கழிவை மெதுவாகவே நகர்த்துகிறது. கழிவு பெருங்குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நீர் அதிலிருந்து உறிஞ்சப்படுகிறது, மலம் இறுகிவிடுகிறது. கர்ப்பிணிகள் உட்கொள்ளும் இரும்புச் சத்து மாத்திரையும் சிலருக்கு இதைக் கூட்டும்.

இனி அந்த மூன்று மருந்துகளுக்கு வருவோம்.

இசப்பகோல் ஒரு விதையின் உமி. ஒரு தேக்கரண்டி உமியை ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு 10 நிமிடம் கழித்துப் பாருங்கள், கூழாகி இருக்கும். குடலிலும் இதுவே நடக்கிறது. உமி செரிப்பதில்லை, இரத்தத்திலும் கலப்பதில்லை. நீரைப் பிடித்து வைத்து மலத்தை மென்மையாக்குகிறது, அவ்வளவுதான். ஆனால், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளலாம். மாத்திரைகள் உறிஞ்சப்படுவதையும் அது தடுக்கலாம் என்பதால், இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி தேவை.

நிலவாகை வேறு விதம். திருநெல்வேலிப் பக்கம் விளைந்து, அந்த ஊரின் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்பட்ட இலை இது. இதிலுள்ள சென்னோசைடு பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள பாக்டீரியா அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அப்பொருள் குடலைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. நீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. அளவு மீறினால் வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, நீரிழப்பு எல்லாம் வரும். கர்ப்பிணிகள் மருத்துவர் சொன்னால் மட்டுமே, அதுவும் குறுகிய காலத்துக்கே இதை எடுக்க வேண்டும். உடல் மெலியும் என்று விற்கப்படும் சில தேநீர்களிலும் இது சேர்க்கப்படுகிறது.

விளக்கெண்ணெய் குடலில் உடைந்து ரிசினோலிக் அமிலத்தை வெளியிடுகிறது. இந்த அமிலம் குடல் தசையில் உள்ள ஈபி3 என்ற ஏற்பியில் ஒட்டி அதைச் சுருங்கச் செய்கிறது. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் உண்டு! 2012இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளிடம் எண்ணெயின் விளைவு காணப்படவில்லை. பிரசவ வலியைத் தூண்ட அந்தக் காலத்தில் இந்த எண்ணெயைக் கொடுத்ததன் காரணம் இப்போது புரிகிறதா? ஆகவே, கர்ப்பிணிகள் இதைத் தாமாகக் குடிக்கவே கூடாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? கீரை, பப்பாளிப் பழம், தவிடு நீக்காத தானியம், போதிய தண்ணீர், அன்றாடம் சிறிது நடை. அதிலும் சரியாகாவிட்டால் தாய் சேய் கிளினிக்கில் கேட்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது; தாதியிடம் சொன்னால் மாற்று வழி காட்டுவார். கடுமையான வயிற்றுவலி, வாந்தி, இரத்தப்போக்கு இருந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடைக்குப் போய் மருந்து வாங்கி வரச் சொன்னால், நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொட்டலத்தில் எழுதியிருக்கும் மூலப்பொருள்களைப் படியுங்கள். நிலவாகையோ விளக்கெண்ணெயோ இருந்தால், "இதைக் கிளினிக்கில் காட்டிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அக்கா" என்று சொல்லுங்கள்.