காசு போடாதீர்கள், கீழே நண்டு இருக்கிறது

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்று லான்சரோட்டே. அங்கே ஹாமியோஸ் டெல் ஆகுவா என்ற கடலோரக் குகைக்குள் ஒரு குட்டை. அதன் கரும்பாறைத் தரையில் அரிசி சிதறியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். குனிந்து பார்த்தால் புள்ளிகளுக்குக் கால்கள் தெரியும். அத்தனையும் நண்டின் உறவுக்கார உயிர்கள்; நிறம் கிடையாது, பார்வை கிடையாது. 1892-இல் முனிடாப்சிஸ் பாலிமார்ஃபா என்று பெயர் பெற்ற இந்த இனம் இத்தீவின் நிலத்தடி உப்புநீரை விட்டால் வேறெங்கும் இல்லை. இதன் நெருங்கிய சொந்தங்கள் பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்பவை.

குகை பிறந்த கதையும் வியப்புத்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் லா கொரோனா எரிமலை கக்கிய குழம்பு கடலை நோக்கி ஓடியது. மேற்புறம் ஆறி ஓடாக இறுகிய பிறகும் உள்ளே ஓட்டம் நிற்கவில்லை. குழம்பு முழுவதும் வடிந்ததும் பல கிலோமீட்டர் நீளக் குழாய் மிஞ்சியது. அது பனியூழிக் காலம். கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது குழாயின் கீழ்ப்பகுதி மூழ்கியது. மூழ்கிய பகுதி மட்டும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அந்த இருட்டிலிருந்து ரெமிபீடியா என்ற ஓட்டுடலி வகுப்பைச் சேர்ந்த புதிய இனம் ஒன்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. அந்த வகுப்பே அறிவியல் ஏட்டில் ஏறியது 1981-இல்தான்!

1960-களில் சேசர் மான்ரிக்கே என்ற கலைஞர் இக்குகையைச் சுற்றுலாத் தலமாக்கினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஊரறிய வைத்ததால்தான் இந்த நண்டு தீவின் சின்னமாகவும் ஆனது. ஆனால் வந்தவர்கள் வேண்டிக்கொண்டு காசு வீசத் தொடங்கினார்கள்.

யூரோ நாணயம் ஒவ்வொன்றிலும் செம்பு உண்டு. நண்டின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோசயனின் என்ற புரதத்துக்கும் செம்பு தேவை. அதுவே அளவு மீறி நீரில் கரைந்தால் செவுளைக் கெடுத்து, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்துவிடும். திறந்த கடலென்றால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். இந்தக் குட்டைக்கோ கடலோடு வாய்க்கால் இல்லை. பாறை இடுக்குகளில் கசியும் நீர்தான் ஓதத்தோடு ஏறி இறங்குகிறது. உப்புநீரில் காசு அரிக்க அரிக்க, கரைந்த உலோகம் எளிதில் வெளியேறாது.

அதனால் இப்போது காசு போடத் தடை. வெளிச்சத்தாலும் சத்தத்தாலும்கூட இந்த நண்டுக்குத் தொல்லை என்கிறார்கள். அதே குகையில் ஓர் இசை அரங்கமும் இருக்கிறது. காசுக்குப் போட்ட கட்டுப்பாடு இரவு விளக்குகளுக்கும் கச்சேரிகளுக்கும் வேண்டும் என்பேன்.