பிரின்டருக்கு எதற்கு அட்மின் பாஸ்வேர்டு?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் பேக்கிங் செக்‌ஷனில் தோலுக்குச் சமமாகப் புழங்குவது காகிதம். ஜோடிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு லேபிள். அதில் ஆர்ட்டிக்கிள் எண், நிறம், ஐரோப்பிய அளவு, பிரிட்டிஷ் அளவு, 13 இலக்க பார்கோடு. பெட்டிகளை அடுக்கிய கார்ட்டனுக்கு இன்னொரு லேபிள். அதற்கு மேல் பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், இ-வே பில். எல்லாம் அச்சாகிக் கைக்கு வந்தால்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி நகரும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி எங்கும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட இடத்தில் பிரின்டர் படுத்துவிட்டால் அன்றே புதிது வாங்கி வந்து நெட்வொர்க் கேபிளைச் செருகிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் பிரின்டரைச் சேர்க்கப் போனதும் திரை மங்கும். நடுவில் ஒரு கட்டம் முளைத்து அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். அது தெரிந்தவர் எப்போதாவது வேலூரிலிருந்து வந்துபோகும் சர்வீஸ்காரர் ஒருவர்தான். “பாய், பாஸ்வேர்டு கேக்குது, என்ன போடட்டும்?” என்று போன் போகும். லாரி நிற்கும் அவசரத்தில் அவரும் சொல்லிவிடுவார். மறுநாள் அது மானிட்டர் ஓரத்தில் சீட்டாக ஒட்டியிருக்கும்.

ஒரு பக்கம் அச்சடிக்க இத்தனை பெரிய பாஸ்வேர்டா என்ற எரிச்சல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே வந்திருக்கிறது. 2012 பிப்ரவரியில் அவருடைய மகள் பள்ளியிலிருந்து போன் செய்தார். ஓப்பன் சூசே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் பள்ளி பிரின்டரைச் சேர்க்க முடியவில்லை, அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது என்று. டோர்வால்ட்ஸ் கூகுள் பிளஸில் கொதித்து எழுதியது உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த சூசே குடும்பம் நமக்கும் புதிதல்ல. 2007 வாக்கில் சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழ்நாட்டு அரசுக் கம்ப்யூட்டர்களுக்கு அந்த நிறுவனம் தேர்ந்தெடுத்ததும் சூசே லினக்ஸ்தான்.

டோர்வால்ட்ஸின் கோபம் லினக்ஸைப் பொறுத்தவரை நியாயம் என்பேன். அங்கே அச்சுவேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற மென்பொருள். ஆவணத்தைப் பிரின்டருக்கேற்ற வடிவத்துக்கு மாற்றும் வேலையை அது அதிகாரமற்ற ஒரு சாதாரணக் கணக்கில் ஓடவிடுகிறது. உபுண்டுவிலும், மாணவர் மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸிலும் ‘எல்பி அட்மின்’ என்றொரு குழு உண்டு. பேக்கிங் செக்‌ஷன்காரரின் கணக்கை அந்தக் குழுவில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். பிரின்டரைச் சேர்க்கவும் நீக்கவும் அவருடைய சொந்த பாஸ்வேர்டே செல்லும், மற்ற எதையும் அவரால் தொட முடியாது.

விண்டோஸ் விஷயம் வேறு. நம் கம்பெனிகளில் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

விண்டோஸில் அச்சு வரிசையைக் கவனிப்பது ஸ்பூலர் என்ற சேவை. அது ஓடுவது ‘சிஸ்டம்’ என்ற கணக்கில். கம்ப்யூட்டரின் எந்த மூலைக்கும் போகக்கூடிய கணக்கு அது. பிரின்டர் டிரைவர் என்பதோ கருவியைத் தயாரித்த கம்பெனி எழுதிய நிரல். ஸ்பூலர் அந்த நிரலை ஏற்றி ஓடவிடுகிறது. 1996-இல் வந்த விண்டோஸ் என்டி 4-இல் நிலைமை இன்னும் மோசம். அங்கே டிரைவர் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடியது, ஒரு பிழை இருந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் நீலத்திரையோடு விழும். விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான் அந்த வழி அடைபட்டது. ஆக, அந்தப் பாஸ்வேர்டு கட்டம் நம்மிடம் கேட்பது அச்சடிக்க அனுமதியை அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இடம் தரலாமா என்று கேட்கிறது. கோடவுனில் பண்டல் இறக்க வந்தவரிடம் கம்பெனியின் சாவிக்கொத்தையே நீட்டலாமா என்பதுபோல. திரை மங்குவதும் அலங்காரத்துக்காக அல்ல. அந்தக் கட்டம் தனியொரு திரைத்தளத்தில் தோன்றுகிறது, உள்ளே ஒளிந்திருக்கும் வேறு எந்த நிரலும் நமக்குப் பதிலாக ‘சரி’ என்று அழுத்திவிடக் கூடாது என்பதற்காக.

இந்த எச்சரிக்கை எவ்வளவு அவசியம் என்பது 2021-இல் தெரிந்தது. ஈரானின் அணு நிலையத்தைக் குலைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல் 2010-லேயே ஸ்பூலரின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தியிருந்தது என்றாலும் ஸ்பூலரை யாரும் அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2021 ஜூன் கடைசியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர், ஸ்பூலரின் இன்னொரு ஓட்டை ஏற்கெனவே அடைக்கப்பட்டுவிட்டது என்று நினைத்து, அதைத் தாக்கும் நிரலை வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நிரல் தாக்கியது அடைக்கப்படாத வேறு ஓட்டையை. டிரைவர் சேர்க்கும் கட்டளையை அனுப்புபவருக்கு அந்த உரிமை உண்டா என்று ஸ்பூலர் சரியாகச் சோதிக்காமல் விட்டிருந்தது. நெட்வொர்க்கில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் யாரும் டிரைவர் என்ற பெயரில் எதையும் நுழைத்து, சிஸ்டம் அதிகாரத்தில் ஓடவிடலாம். பிரின்ட் நைட்மேர் என்று பெயர் பெற்ற இதற்கு ஜூலை 6 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் விட்டது. ஆகஸ்ட் 10 அன்று விதியையே மாற்றியது. பிரின்ட் சர்வரிலிருந்து டிரைவர் இறங்குவதென்றால் இனி அட்மின் அனுமதி கட்டாயம்.

அதுவரை கேட்காமல் அச்சடித்துக்கொண்டிருந்த அலுவலகங்களில் அந்த மாதத்திலிருந்துதான் பாஸ்வேர்டு கட்டம் முளைக்கத் தொடங்கியது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் கட்டம் வராது என்று சொல்லித் தருபவர்கள் உண்டு. வராதுதான். ஓட்டையும் மறுபடி திறந்துகொள்ளும். ஏற்றுமதிக் கணக்கும் வங்கி விவரமும் உள்ள கம்ப்யூட்டரில் இதைச் செய்பவர்களை எப்படிப் பாராட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நம் ஊர்க் கம்பெனிகளில் பாஸ்வேர்டு பிரச்சினை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி உண்மையில் முகவரிப் பிரச்சினை. கரண்ட் போய் வரும், ரூட்டர் மறுபடி எழும், பிரின்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுக்கும். கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். பிரின்டர் காணோம் என்று திரும்பச் சேர்க்கப் போகும்போது பாஸ்வேர்டு கட்டம் வந்து நிற்கும். ரூட்டரில் அந்தப் பிரின்டருக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். அதேபோல் சர்வீஸ்காரர் வரும்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் டிரைவரை முன்கூட்டியே ஏற்றிவைக்கலாம். பிறகு அதே மாடலில் புதிய பிரின்டர் வாங்கினால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் டிரைவரை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்டைப் போனில் சொல்லும் அவசியம் வெகுவாகக் குறையும்.

இன்னொரு பாஸ்வேர்டும் உண்டு. பிரின்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்தால் திறக்கும் அமைப்புப் பக்கத்துக்கானது அது. கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை அங்கே அடித்துவிட்டுத் தவறு என்கிறதே என்று திணறுபவர்கள் நிறைய. இது கருவியின் சொந்த பாஸ்வேர்டு. பல மாடல்களில் பின்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் எல்லாப் பிரின்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தது. இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு அப்படி வைப்பதைக் கலிஃபோர்னியா 2020 முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன. இங்கே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கருவிகளுக்கு அந்தச் சட்டங்களால் ஒரு பயனும் இல்லை, நாமே மாற்ற வேண்டியதுதான்.

டிரைவரே வேண்டாம் என்பதுதான் நீண்டகாலத் தீர்வு. ஐபிபி என்ற நெறிமுறையில் கம்ப்யூட்டர் பிரின்டரிடம் என்ன தாள் இருக்கிறது, நிறம் உண்டா, இரு பக்கமும் அடிக்குமா என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பொதுவான வடிவத்தில் பக்கத்தை அனுப்பிவிடும். ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்த ஏர்பிரின்ட்டின் அடிப்படை இதுவே. இவ்வகை அச்சுக்கான மாப்ரியா சான்று பெற்ற பிரின்டர்களை, விண்டோஸ் 10-இன் 21எச்2 பதிப்பு முதல், விண்டோஸ் தன்னிடம் உள்ள பொது டிரைவராலேயே இயக்குகிறது. மற்ற கம்பெனிகளின் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இன்வாய்ஸ் அடிக்கும் லேசர் பிரின்டருக்கு இது போதும்.

ஷூ பெட்டி லேபிள் அடிக்கும் தெர்மல் பிரின்டருக்குப் பெரும்பாலும் போதாது. அதன் மொழி வேறு. எந்த இடத்தில் எந்த எழுத்து, எங்கே பார்கோடு என்று சொல்லும் இசட்பிஎல் போன்ற கட்டளைகளே அதற்குப் புரியும். அதனால் பாஸ்வேர்டு கட்டம் கடைசிவரை ஒட்டிக்கொள்ளப்போவது பேக்கிங் செக்‌ஷனில்தான். ஒரு மாற்று வழி உண்டு. அந்தக் கட்டளைகள் வெறும் எழுத்துகள்தான் என்பதால், லேபிள் மென்பொருள் டிரைவர் இல்லாமலே அவற்றை 9100 என்ற போர்ட் வழியாகப் பிரின்டருக்கு நேராக அனுப்பலாம். அப்போது அட்மின் பாஸ்வேர்டுக்கு வேலை இல்லை.

ஆனால் அந்தப் போர்ட் யாரிடமும் எந்தப் பாஸ்வேர்டும் கேட்காது. 2018 நவம்பரில் யூடியூபர் ஒருவரின் ரசிகர், இணையத்துக்குத் திறந்து கிடந்த இதே போர்ட் வழியாக சுமார் 50,000 பிரின்டர்களில் விளம்பரம் அடித்துவிட்டதாகச் சொன்னார். எனவே லேபிள் பிரின்டரையும் அதற்கு அனுப்பும் கம்ப்யூட்டரையும் மட்டும் நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், விருந்தினர் வைஃபை அந்தப் பக்கமே எட்டக் கூடாது, ரூட்டரில் 9100-ஐ வெளியே திறந்துவிட்டிருந்தால் மூட வேண்டும். அடுத்த முறை சர்வீஸ்காரர் வரும்போது செய்யச் சொல்லலாம், அதிக நேரம் பிடிக்கும் வேலை இல்லை.