ஆறு அங்குலம் தாழ்த்த எத்தனை மணித்தியாலம்?
பழைய அமெரிக்க பிக்கப் வாகனங்கள் கற்றுத்தரும் விலைக் கணக்கு

வியாபாரத்தில் நட்டம் வருவது பொருளை மலிவாக விற்பதால் மட்டுமல்ல. செய்யவேண்டிய வேலை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்காமல் விலை சொல்வதாலும் நட்டம் வருகிறது. கடையில் பொருள் விற்பவருக்குக் கொள்விலை தெரியும். அதன்மேல் தனது இலாபத்தை வைத்து விற்றுவிடுவார். ஆனால் கராஜ், இரும்பு வேலைத்தளம், தளபாடப் பட்டறை போன்றவற்றை நடத்துவோர் இன்னும் செய்து முடிக்காத ஒரு வேலைக்கு முன்கூட்டியே விலை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விலை பிழைத்தால் இரவு பகலாக உழைத்தும் கையில் எதுவும் மிஞ்சாது.

இதனை விளக்குவதற்கு அமெரிக்காவில் நடக்கும் ஒரு தொழிலை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். பழைய பிக்கப் வாகனங்களை, அதாவது நாம் 'கெப்' என்று சொல்லும் ரகத்தை வாங்கி, நிலத்தோடு ஒட்டிக்கிடப்பதுபோல் தாழ்த்தி, புதுமெருகு கொடுத்து ஓட்டுவது அங்கே பலருக்குப் பெரும் ஆசை. அந்த ஆசையை நம்பிப் பல சிறிய வேலைத்தளங்கள் இயங்குகின்றன. வாகன உதிரிப்பாக வியாபாரத்தோடு எனக்குள்ள நீண்டகாலத் தொடர்பினால் இத்தொழிலை ஆர்வத்துடன் கவனித்து வருகிறேன். விலை சொல்வது பற்றி நமது வியாபாரிகள் கற்றுக்கொள்ளக்கூடிய பல விடயங்கள் இதில் இருக்கின்றன.

எந்த வாகனம்?

இத்தொழிலில் மிகவும் விரும்பப்படுவது செவர்லே கம்பனியின் சி-10 ரக பிக்கப். குறிப்பாக 1967 முதல் 1972 வரையான மொடல்கள். விவசாயிகளும் கட்டட வேலையாட்களும் சாமான் ஏற்றிய சாதாரண வாகனம் இது. ஏராளமாக உற்பத்தி செய்யப்பட்டது. உறுதியான செசியின் மேல் சாரதி கூடும் சாமான் பெட்டியும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருப்பதால், போல்ட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் பிரித்து வேலை செய்யலாம். பின்பக்கத்தில் பெரும்பாலான சி-10 வாகனங்களுக்குத் தகட்டு ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் இருப்பதும் தாழ்த்துவதற்கு வசதியானது.

இதில் நீளமானது, குட்டையானது என இரண்டு அளவுகள் உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் நீளமானதில் 127 அங்குலம், குட்டையானதில் 115 அங்குலம். குட்டையானதுக்கே கிராக்கி அதிகம். ஆகவே நீளமானதை மலிவாக வாங்கி, செசியை வெட்டிக் குறைத்து மீண்டும் ஒட்டி, குட்டையாக்கி விற்பதும் ஒரு தனி வேலையாக வளர்ந்திருக்கிறது.

ஒன்றை மாற்றினால் பத்து மாறும்

வாடிக்கையாளர் வந்து, "பின்பக்கத்தை ஆறு அங்குலம் இறக்கித் தாருங்கள்" என்கிறார். கேட்பதற்கு இது ஒரே ஒரு வேலை. உண்மையில் அது ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியைச் சற்று விபரமாகப் பார்ப்போம்.

முன்பக்கம் ஓரளவு இலகுவானது. சக்கரம் பூட்டப்படும் 'ஸ்பிண்டில்' என்ற பாகத்தை மாற்றினாலே சுமார் இரண்டரை அங்குலம் தாழ்ந்துவிடும். சக்கரம் இருக்கும் இடத்தை அது மேலே உயர்த்துகிறது. ஸ்பிரிங்கின் தன்மை மாறுவதில்லை. இன்னும் தாழ்த்துவதென்றால் குட்டையான ஸ்பிரிங் போட வேண்டும். இருக்கும் ஸ்பிரிங்கையே தீயில் சூடாக்கித் தாழ்த்துவோரும் உண்டு. அப்படிச் செய்தால் உருக்கின் பதம் கெட்டுவிடும். அந்த ஸ்பிரிங்கை நம்பி வாகனத்தை வீதியில் விட முடியாது. எந்த முறையில் தாழ்த்தினாலும் முன்சக்கரங்களின் எலைன்மென்ட் முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

பின்பக்கம்தான் வேலைத்தளத்தின் பொறுமையைச் சோதிப்பது. இவ்வாகனத்தில் பின் எக்ஸல் செசியின் கீழாகச் செல்கிறது. ஆறு அங்குலம் தாழ்த்தினால் சிறிய பள்ளத்தில் விழுந்தாலும் எக்ஸல் செசியில் மோதும். எனவே எக்ஸலுக்கு நேர்மேலே செசியைப் பிறை வடிவில் வெட்டி இடம் கொடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் செசி பலவீனமாகிவிடுவதால் தடித்த உருக்குத் தகட்டினால் அதே வடிவில் பலப்படுத்த வேண்டும். ஆங்கில 'சி' எழுத்தின் வடிவில் இருப்பதால் இதனை 'சி-நொட்ச்' என்கிறார்கள். செசியைச் சரியாகத் தாங்கி நிறுத்தாமல் வெட்டினால் அது வளைந்துவிடும். வளைந்த செசியில் பின்னர் எதுவும் நேராகப் பொருந்தாது.

வெட்டியாயிற்று. எக்ஸல் மேலே வர இடம் கிடைத்தது. ஆனால் அதற்கு நேர்மேலே சாமான் பெட்டியின் தளம் இருக்கிறது. அதையும் வெட்டி உயர்த்த வேண்டும். சக்கரம் உள்ளே வருவதால் அதனை மூடியிருக்கும் தகட்டுக் கூட்டையும் பெரிதாக்க வேண்டும்.

அடுத்தது, எக்ஸல் இடம் வலமாக நகராமல் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு. இதன் ஒரு முனை செசியிலும் மறுமுனை எக்ஸலிலும் பூட்டப்பட்டிருக்கும். வாகனம் தாழும்போது இத்தண்டின் கோணம் மாறி எக்ஸலை ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரு சக்கரம் உள்ளே போய் மற்றது வெளியே நிற்கும். ஆகவே நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேறு தண்டு போட வேண்டும்.

பிறகு இன்ஜினின் சக்தியைப் பின் எக்ஸலுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெலர் ஷாப்ட். கோணம் பிழைத்தால் ஓடும்போது வாகனம் அதிரும், யுனிவர்சல் ஜொயின்ட் சீக்கிரம் தேயும். ஷாப்ட் இரு துண்டுகளாக இருக்குமானால் நடுவில் தாங்கும் பெயாரிங்கையும் உயர்த்த வேண்டும். சைலன்சர் குழாய், பிரேக் குழாய்கள் எல்லாம் புதிய பாதையில் போக வேண்டும். 1972 வரையான இம்மொடல்களில் எரிபொருள் தாங்கி சாரதி ஆசனத்துக்குப் பின்னால், கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாகனத்தைப் புதுப்பிப்போர் பலர் பாதுகாப்புக் கருதி அதனை வெளியே, சாமான் பெட்டிக்குக் கீழே கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஆனால் கீழே இருந்த இடமெல்லாம் ஏற்கனவே குறைந்துபோயிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. எண்கள் இலகுவாக இருக்க நானே வைத்துக்கொண்டவை. வேலைத்தளத்தின் கூலி மணித்தியாலத்துக்கு 100 டொலர் என்போம். ஸ்பிரிங் மாற்றவும் செசியை வெட்டிப் பலப்படுத்தவும் 20 மணித்தியாலம் போதும் என்று எண்ணி 2,000 டொலர் கூலி என உரிமையாளர் வாக்குக் கொடுத்துவிடுகிறார்.

வேலை தொடங்கிய பின்னர்தான் மற்றவை வருகின்றன. சாமான் பெட்டியின் தளத்துக்கு 15 மணித்தியாலம், எரிபொருள் தாங்கிக்கு 10, சைலன்சர் குழாய்க்கு 8, புரொப்பெலர் ஷாப்டுக்கு 6, பிரேக் குழாய்களுக்கு 5, குறுக்குத் தண்டுக்கு 3. இவை மட்டும் 47. முன்னைய 20 உடன் சேர்த்து மொத்தம் 67 மணித்தியாலம். உரிய கூலி 6,700 டொலர். சொன்ன விலையோ 2,000. அதாவது ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 30 டொலர்தான் கிடைக்கிறது. இதற்குள் வாடகை, மின்சாரம், வெல்டிங் வாயு, வேலையாட்களின் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த நிலைக்கு வந்த வேலைத்தளம் என்ன செய்யும்? அடுத்த வாடிக்கையாளரிடம் முற்பணம் வாங்கி இந்த வேலையை முடிக்கப் பார்க்கும். அவருடைய வேலைக்கு மூன்றாமவரின் முற்பணம் தேவைப்படும். கடைசியில் கராஜ் நிறையப் பிரித்துப்போட்ட வாகனங்கள், பெட்டியில் பணம் இல்லை. வாடிக்கையாளரும் நட்டப்படுகிறார். பாதியில் நிற்கும் வாகனத்தை விற்கப் போனால் செலவழித்ததில் சிறு பகுதியே கிடைக்கும். வேலை முழுமையாக முடிந்த வாகனம்கூடப் பெரும்பாலும் போட்ட செலவைத் திருப்பித் தருவதில்லை. ஏனெனில் அது ஒருவருடைய விருப்பத்துக்காகச் செய்யப்பட்டது. வாங்குபவரின் விருப்பம் வேறாக இருக்கும்.

பாதுகாப்பு பேரத்துக்குரியதல்ல

நேரம் போதாதபோது முதலில் குறைபடுவது கண்ணுக்குத் தெரியாத வேலைதான். பெயின்ட் பளபளக்கும். அதன் கீழே வெல்டிங் உள்ளே இறங்கியிருக்காது.

இந்த விடயத்தில் கலிபோர்னியா மாநிலத்தின் வாகனச் சட்டம் கவனிக்கத்தக்கது. கார்களையும் 6,000 இறாத்தலுக்குக் குறைந்த வர்த்தக வாகனங்களையும் தாழ்த்தி மாற்றியமைக்கும்போது, சக்கரத்தைத் தவிர வேறெந்தப் பாகமும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே வரக்கூடாது என்பது 2023 இறுதி வரை அதன் விதியாக இருந்தது. நல்ல வேலைத்தளங்கள் இதே அளவைப் பாதுகாப்புக்காகவும் பின்பற்றுகின்றன. டயர் வெடித்தால் வாகனம் வளையத்தின்மேல் நிற்கும். அப்போது வேறு பாகம் வீதியில் உரசினால் ஸ்டியரிங் கட்டுப்பாட்டில் இருக்காது.

இந்த விதி வந்த காலத்தில் ரொன் அகிரே என்பவர் 1959 இல் தனது கோர்வெட் காரில் ஹைட்ரோலிக் பம்புகளைப் பொருத்தி, தேவையானபோது காரை உயர்த்தவும் தாழ்த்தவும் வழி செய்தார். இன்று பிக்கப் வாகனங்களில் அதே வேலையைப் பெரும்பாலும் காற்றுப் பைகள் செய்கின்றன. ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தடித்த ரப்பர் பை, காற்றை அழுத்தும் கம்பிரசர், சேமிக்கும் தாங்கி, வால்வுகள், குழாய்கள். நிறுத்தும்போது தாழ்த்தலாம், ஓட்டும்போது உயர்த்தலாம். ஆனால் பை எந்த உலோகத்திலும் உரசக்கூடாது. உரசினால் ஒருநாள் கிழியும். காற்று முழுவதும் இறங்கினாலும் சக்கரம் எதிலும் சிக்காமல் சுழல வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கும் நேரத்தையும் விலையில் சேர்த்தாக வேண்டும்.

இலாபம் எங்கே இருக்கிறது?

எல்லா வேலைத்தளங்களும் ஒரே மாதிரியான பாகங்களைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்ததைக் கண்ட சிலர், அவற்றை அளவெடுத்துத் தொகையாக உற்பத்தி செய்து விற்கத் தொடங்கினார்கள். ஸ்பிண்டில், சி-நொட்ச் தகடு, குறுக்குத் தண்டு எல்லாம் இன்று பெட்டியில் அடைத்து வருகின்றன. போல்ட் போட்டுப் பூட்டக்கூடிய சி-நொட்ச் தகடுகளும் உண்டு. கதவுத் தகடு, விளக்கு, ரப்பர் பட்டி போன்றவை புதிதாக அச்சிட்டதுபோல் கிடைக்கின்றன. இத்துறையினரின் சங்கமான 'சீமா' 1963 இல் தொடங்கப்பட்டது. 1977 முதல் அதன் வருடாந்த வர்த்தகக் கண்காட்சி லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறுகிறது.

கெட்டிக்கார வேலைத்தளம் கிடைக்கும் பாகத்தைக் கையால் செய்யப் போவதில்லை. வாங்கிப் பூட்டிவிட்டு, கடையில் கிடைக்காத வேலைக்கு மட்டும் தன் பாஸ்மாரின் நேரத்தைக் கொடுக்கிறது. அந்த நேரத்துக்கு உரிய கூலியையும் தயங்காமல் கேட்கிறது.

விலை சொல்லும் முறை

ஒழுங்காக நடக்கும் வேலைத்தளங்களின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, வாகனத்தைப் பிரித்துப் பார்க்காமல் முழு விலை சொல்வதில்லை. பிரித்துச் சோதிப்பதற்கே தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பெயின்டுக்குக் கீழே எவ்வளவு துரு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மணித்தியாலங்களை எழுதி வாடிக்கையாளரின் ஒப்பம் பெறுகிறார்கள். ஒரு கட்டத்துக்கான பணம் வந்த பின்னரே அடுத்த கட்டம். பாகங்களுக்கான பணம் முன்கூட்டியே பெறப்படும். ஒருவரின் பணம் இன்னொருவரின் வாகனத்துக்குப் போகாது.

மூன்றாவது, இடையில் வரும் ஒவ்வொரு மாற்றமும் எழுத்தில் இருக்கும். "இவ்வளவு செய்தாயிற்று, 1999 இன் பின் வந்த 5.3 லீட்டர் வி-8 இன்ஜினையும் போட்டுவிடுவோமே" என்று வாடிக்கையாளர் சாதாரணமாகச் சொல்வார். கழித்த வாகனங்களிலிருந்து அந்த இன்ஜின் தாராளமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதனோடு வயரிங், எரிபொருள் பம்ப், கியர் பொக்ஸ், ரேடியேற்றர் என்று இன்னொரு சங்கிலி ஆரம்பிக்கிறது. எனவே புதிய மணித்தியாலம், புதிய விலை, புதிய ஒப்பம்.

நான்காவது, மூடிவிடப்படும் வேலையை மூடுமுன் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். 6,700 டொலர் எங்கே போனது என்று வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்க்கும்போது விலை பற்றிய பிணக்கு குறைகிறது.

நமது நாட்டில் வாகனத்தின் அமைப்பை மாற்ற நினைப்போர் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் விசாரித்துவிட்டே கைவைக்க வேண்டும். ஆனால் நான் சொன்ன கணக்கு வாகனத்துக்கு மட்டுமானதல்ல. லொறிக்குப் பெட்டி அடிப்பவர், கடைக்கு அலுமாரி செய்து கொடுப்பவர், வீட்டுக்கு இரும்புக் கேற் செய்பவர் அனைவருக்கும் பொருந்தும். அடுத்த முறை ஒருவர் "இதற்கு எவ்வளவு?" என்று கேட்டால் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு தாளை எடுங்கள். கேட்ட வேலையை முதல் வரியில் எழுதி, அதனால் வேறு என்னென்ன மாறும் என்பதை ஒவ்வொன்றாகக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மணித்தியாலத்தைப் போட்டுக் கூட்டிய பின் விலையைச் சொல்லுங்கள்.